பிச்சுமணி மெஸ், காப்பெல்

காப்பெல், டெக்சாஸ்
14 செப்டம்பர் 1997

மாண்புமிகு பிரணவன் செல்வராஜா அவர்களுக்கு,

உலகத் தமிழர்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நேற்று சனிக்கிழமை நண்பகல், டெக்சாஸ் மாநிலம் காப்பெல் நகரில், வெங்கடாசலம் – புஷ்பவல்லி தம்பதியரின் மூத்த புதல்வன் இனியன், வயது பதினைந்து, ஒரு சமோசாவை உட்கொண்டார். சமோசாவின் ஒரு முனை நெருப்பாகவும் மறுமுனை பனிக்கட்டியாகவும் இருந்தது. அசம்பாவிதம் ஏதும் இல்லை. சட்னி பற்றிய விவரம் பின்னர் அறிவிக்கப்படும்.

அறிவிப்பு முடிந்தது. இனி மனிதர் பேசும் தமிழ்.

டேய், ஃப்ரீமான்ட்டை விட்டு வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. உனக்கு போன் பண்ணினால் அப்பா பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். ஈமெயில் அப்பாவின் ஆபீஸ் கணக்குக்குத்தான் வரும். ஆகவே தபால். தமிழில் எழுதுவது தமிழ்ப்பற்றால் என்று செல்வராஜா அங்கிளிடம் சொல்லிக்கொள், சந்தோஷப்படுவார். உண்மைக் காரணம் என் தங்கை. எட்டு வயது உளவுத்துறை. எந்த உறையைக் கண்டாலும் பிரித்துவிடுவாள். ஆனால் இங்கேயே பிறந்தவள், தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. பெயர்தான் வெண்பா, எழுத்து, அசை, சீர் எதுவும் தெரியாது.

இந்த ஊர் பிரமாதம். எல்லாமே பெரிசு. ரோடு பெரிசு, வானம் பெரிசு, கார் நிறுத்தும் இடம் நம் ஸ்கூலை விடப் பெரிசு. நடந்து போனால் போலீஸ்காரர் காரை ஓரங்கட்டி, "வழி தவறிவிட்டாயா?" என்று விசாரிக்கிறார். அவ்வளவு மரியாதை.

நம் சனிக்கிழமை ஊர்வலம் ஒழுங்காக நடக்கிறதா? தமிழ் வகுப்பு விட்டதும் ஆப்கான் பேக்கரி, அங்கே அடுப்பிலிருந்து எடுத்த முழ நீள நான் ரொட்டி, அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு மௌரி அவென்யூ, நாகரத்தினம் ஆன்ட்டியின் மளிகைக் கடைப் பின் கவுன்டரில் போண்டாவும் சாம்பாரும், பிறகு கடை வாசல் சிமென்ட் திட்டில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் மார்க் போடுவது. எதிலும் மாற்றம் கூடாது. திட்டில் இடப்பக்கம் என்னுடையது. அதை யாருக்கும் கொடுக்காதே, பூர்வீகச் சொத்து.

பொங்கல் விழா நாடகத்துக்கு எப்படியாவது வந்துவிடுவேன். கார் நிறுத்த இடம் தேடித் தேடி நிகழ்ச்சியையே தவறவிடும் அங்கிள், ஆன்ட்டி வேஷமெல்லாம் நம்மைத் தவிர வேறு யாருக்கு வரும்? அங்கிள் வேஷம் நான். ஆன்ட்டி வேஷம் நீ. உன் அம்மாவின் சேலையை இப்போதே கேட்டு வை.

நான் இல்லாத நான் ரொட்டி எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

இப்படிக்கு,
இடப்பக்கத்தின் உரிமையாளர்
இனியன்


ஃப்ரீமான்ட்
27 செப்டம்பர் 1997

அன்புள்ள இனியன்,

உன் சமோசாச் செய்தி கிடைத்தது. ஆழ்ந்த அனுதாபம்.

நான் ரொட்டி வழமை போலத்தான் இருக்கிறது. நீ இல்லாததால் மொறுமொறுப்பான இரண்டு நுனியும் எனக்கு. குறை நினையாதே மச்சான், ஒரு கிழமை மட்டும்தான் அந்த ராஜ வாழ்க்கை. பிறகு சேனாபதி வந்துவிட்டான்.

சேனாபதி யார் என்று கேட்பாய். நீங்கள் இருந்த அபார்ட்மென்ட்டுக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்களுடைய மகன், நம்முடைய வயது. உன் அறைதான் அவனுக்கு. நீ கதவில் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர்களை உரிக்க மனம் வரவில்லையாம், அப்படியே விட்டிருக்கிறான். இங்கே ஒருவரையும் தெரியாது. தமிழ் வகுப்பில் சந்தானம் மாஸ்டர் அவனை என் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். வகுப்பு விட்டதும் தனியே நின்றான். நான் ஊர்வலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இனி முக்கியமான விஷயம். ஆன்ட்டி கடையில் அவன் போண்டாவைப் பிய்த்து நான் ரொட்டிக்குள் வைத்தான். ஒரு கரண்டி சாம்பாரை மேலே விட்டான். சுருட்டினான். கடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இத்தனை நாளா ரெண்டையும் தனித்தனியாவா சாப்பிட்டீங்க?" என்று கேட்டான். நாங்கள் இரண்டு விசரர், மச்சான். இரண்டும் எங்கள் கையிலேயே இருந்தது. ஒரு நாளும் தோன்றவில்லை. ஆன்ட்டியும் ஒன்று சுருட்டித் தின்று பார்த்தா. இப்போது கவுன்டரில் "சேனாபதி ரோல்" என்று அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறா.

சிமென்ட் திட்டின் வலப்பக்கத்தில் நான் இருக்கிறேன், அதற்கு அங்கால் சாமான் வண்டிகள் நிற்கின்றன. ஆகவே அவன் இடப்பக்கத்தில்தான் இருக்கிறான். வேறு என்ன செய்ய?

நாடக ஒத்திகை தொடங்கிவிட்டது. அங்கிள் பகுதியைச் சேனாபதி வாசிக்கிறான். ஒத்திகைக்கு மட்டும்தான். நீ வருவாய்தானே?

பிரணவன்


காப்பெல்
5 அக்டோபர் 1997

சேனாபதியின் ஆருயிர் நண்பன் பிரணவனுக்கு,

எனக்குப் பொறாமை இல்லை. பின்னால் மறந்துவிடக்கூடாது என்பதற்காக முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

என் அறை அவனுக்கு. என் திட்டு அவனுக்கு. என் வேஷம் "ஒத்திகைக்கு மட்டும்" அவனுக்கு. என் டூத் பிரஷ்ஷை மட்டும் நான் கையோடு கொண்டுவந்துவிட்டேன். பாவம், அதற்கு என்ன பண்ணுகிறான்?

ரோல் விஷயம். ஒரு போண்டாவுக்கு ரொட்டியைப் போர்த்திவிட்டால் அது கண்டுபிடிப்பா? எங்கள் அம்மா தினமும் வெண்பாவுக்குப் போர்வை போர்த்துகிறார். வாசலில் யாரும் அட்டை ஒட்டவில்லை.

போகட்டும், உங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இங்கே நான் சாப்பிடுகிற இடத்தைக் கேட்டால் நீ ரயிலேறி வந்துவிடுவாய். பிச்சுமணி மெஸ். எங்கள் வீட்டுக்கு ரொம்பப் பக்கம். ஒரு கராஜுக்குள் நடக்கிறது. போர்டு கிடையாது, தெரிந்தவர்களுக்கு மட்டும். சனிக்கிழமை பகலில் கராஜ் கதவு மேலே போகும், வாசலில் கார் நிற்கும். ஹியூஸ்டனிலிருந்து டிரைவ் பண்ணி வருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள். பிச்சுமணி அதிகம் பேசமாட்டார். சூடான ஆசாமி. பதார்த்தம் தயாரானால் ஒரு மணி அடிப்பார், அவ்வளவுதான் பேச்சு. என்னைக் கேட்காமல் எதுவும் அடுப்பில் ஏறாது. "இனியன் ஸ்பெஷல்" என்று என் பெயரிலேயே ஓர் ஐட்டம் உண்டு. வெளியே மொறுமொறு, உள்ளே உருளைக்கிழங்கு, மேலே எள்ளு மிளகாய்ப் பொடி. அட்டை ஒட்டித்தான் புகழ் பரவவேண்டும் என்ற நிலையில் அது இல்லை.

இருந்தாலும் எனக்குப் பெரிய மனது. சேனாபதிக்கு என் அன்பளிப்பாக ஒரு ரகசியம் அனுப்புகிறேன். நாகரத்தினம் ஆன்ட்டியிடம் இலவசமாகப் போண்டா வாங்க ஒரே வழிதான். கடையில் கூட்டம் இருக்கும்போது சாம்பாரை ஒரு வாய் குடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "ஆன்ட்டி, அப்படியே கோயில் கேன்டீன் சாம்பார்!" என்று சொல்லவேண்டும். ஆன்ட்டி முன்பு அங்கேதானே சமைத்தார். உருகிவிடுவார்.

உனக்குக்கூட இதை நான் சொன்னதில்லை. அவன் கொடுத்து வைத்தவன்.

பொறாமை இல்லாத
இனியன்


ஃப்ரீமான்ட்
19 அக்டோபர் 1997

இனியன்,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தீபாவளிச் சாமான் வாங்க வந்த சனம், கடை நிறைய ஆட்கள். கவுன்டர் வரிசையில் எங்களுக்குப் பின்னால் வெங்கடகிருஷ்ணன் அங்கிள். கோயில் கமிட்டியில் இருக்கிறவர்தான். சேனாபதி நீ எழுதினபடியே கண்ணை மூடிக்கொண்டு சாம்பாரைக் குடித்து, நீ எழுதின வசனத்தைச் சொன்னான்.

"என்ன சொன்ன?" என்றா ஆன்ட்டி.

கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். "அப்படியே கோயில் கேன்டீன் சாம்பார் மாதிரி இருக்கு ஆன்ட்டி!"

வெங்கடகிருஷ்ணன் அங்கிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆன்ட்டி கரண்டியைக் கீழே வைத்தா.

"அந்த சாம்பார்ல என்ன இருந்துச்சு தெரியுமாடா உனக்கு? வெந்நீர்! கூட்டம் வந்துருச்சுன்னு இந்தக் கமிட்டிக்காரங்க நான் வெச்ச அண்டாவுல பக்கெட் பக்கெட்டா வெந்நீரைக் கொட்டி, 'நாகரத்தினம் சாம்பார்'னு ஊத்துனாங்க. 'உங்க கை நீர்த்துப் போச்சும்மா'ன்னு சாப்பிட்டவங்க என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனாங்க. அன்னிக்கு ஏப்ரனை அவுத்து வெச்சுட்டு வந்தவ நான். என் சாம்பார் தண்ணி இல்லன்னு காட்டத்தான் இந்தக் கவுன்டரே போட்டேன். இங்கயே வந்து நின்னுட்டு, இவர் முன்னாடி சொல்லுவியா நீ?"

கடை முழுக்க எங்களைப் பார்த்தது. சேனாபதியின் காது இரண்டும் சிவந்துபோயின.

"யாருடா இதைச் சொல்லிக் குடுத்தது?" ஆன்ட்டி அவனைக் கேட்டா, ஆனால் பார்த்தது என்னை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான். "யாரும் இல்ல ஆன்ட்டி. எனக்காத்தான் தோணுச்சு."

ஆன்ட்டி அந்த அட்டையைக் கிழித்தா. எங்கள் இரண்டு பேருக்கும் இனிக் கவுன்டரில் ஒன்றும் இல்லையாம். அரிசி, பருப்பு வேண்டுமென்றால் வாங்கலாமாம்.

திரும்பி வரும் வழியில் சேனாபதி ஒன்றுதான் கேட்டான். "உன் ஃப்ரெண்டுக்கு இது தெரிஞ்சிருக்காதுல்ல?" ஓம், தெரிந்திருக்காது என்றேன். தெரியாதுதானே, இனியன்?

இன்னொரு விஷயம். டிசம்பரில் உன் ஊருக்குப் பக்கத்திலே, டாலஸில் என் மச்சாளின் கல்யாணம். நாங்கள் எல்லோரும் வருகிறோம். உன் கடிதத்தில் மெஸ் பகுதியை மட்டும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். "டாலஸுக்குப் போயும் பேர்கர் திண்டுகொண்டு வாறதே? உந்தப் பிச்சுமணியின்ர அட்ரஸை எடு" என்று அப்பா ஒரே பிடி. மாமா வீடு, சித்தி வீடு எல்லோருக்கும் சொல்லிவிட்டார், இரண்டு வான் நிறைய ஆட்கள். அம்மா, "முன்னுக்கே சொல்லி வைக்கச் சொல்லு தம்பி, பாவம், அந்த மனுசன் திடீரெண்டு எங்க போறது" என்கிறா.

முகவரி அனுப்பு. முதலில் மற்றக் கேள்விக்குப் பதில் அனுப்பு.

பிரணவன்


காப்பெல்
26 அக்டோபர் 1997

அன்புள்ள பிரணவா,

வருந்தத்தக்க அறிவிப்பு. பிச்சுமணி மெஸ் காலவரையறையின்றி மூடப்பட்டுள்ளது. பிச்சுமணி தன் அக்கா மகள் கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருக்கிறார். அந்தக் காரணம் உன் அப்பாவுக்குப் பிடிக்காவிட்டால், தீயணைப்புத் துறையினர் வந்து கராஜைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொல். எது பொருத்தமோ அதை எடுத்துக்கொள். எப்படியும் இரண்டு வேன் ஆட்களுக்கு அங்கே இடம் போதாது. ஒருவர் உட்கார்ந்தாலே இன்னொருவர் நிற்க வேண்டும்.

உன் அம்மாவிடம் என் வருத்தத்தைச் சொல். கல்யாணச் சாப்பாடே நன்றாகத்தான் இருக்கும்.

நாகரத்தினம் ஆன்ட்டி கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஆறாவிட்டால் என்ன, ஊரில் வேறு போண்டாவா இல்லை?

சேனாபதி ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? சும்மா கேட்டேன்.

இனியன்


ஃப்ரீமான்ட்
8 நவம்பர் 1997

இனியன்,

நான் கேட்ட கேள்வி மெஸ்ஸைப் பற்றியது இல்லை.

ஆன்ட்டி கோயில் சமையலில் இருந்த காலத்தில் உன் அம்மாதான் அவவுக்குப் பக்கத்தில் நின்று காய் வெட்டினவ என்று அம்மா இன்றைக்குச் சொன்னா. அது நாங்கள் ஃப்ரீமான்ட்டுக்கு வருமுன் நடந்தது. எனக்கு அந்த வெந்நீர்க் கதை தெரியாது. சேனாபதிக்குத் தெரிய வழியில்லை.

அவன் இப்போது ஊர்வலத்துக்கு வருவதில்லை. தமிழ் வகுப்பு விட்டதும் அவனுடைய அப்பா கார் கொண்டுவந்து கூட்டிப் போகிறார். நான் போன சனிக்கிழமை தனியே போய் நான் ரொட்டி வாங்கினேன். பாதி வழியில் நின்று தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மார்க் போட ஆளில்லை.

நீ போன நாளிலிருந்து அந்தத் திட்டின் இடப்பக்கத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லாமல் இருந்தது. அதனால்தான் அவனை அங்கே இருக்கச் சொன்னேன். இதை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. அது என் பிழை.

சந்தானம் மாஸ்டர் அங்கிள் வேஷத்துக்குப் பெயர் கேட்கிறார். இன்னும் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு வரும்போது உன் வீட்டுக்கு வரவா, வேண்டாமா? வரச்சொன்னால் மற்றக் கேள்விக்கும் பதில் எழுது. இல்லையென்றால் ஒன்றும் எழுத வேண்டாம்.

பிரணவன்


காப்பெல்
16 நவம்பர் 1997

டேய் பிரணவா,

இன்று அறிவிப்பு எதுவும் இல்லை.

தெரியும். நன்றாகத் தெரியும். அன்று கோயில் சமையலறையில் அம்மா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். கமிட்டிக்காரர்கள் அந்த வெந்நீர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது வழிவிட்டு ஒதுங்கி நின்றவனே நான். வீட்டுக்கு வந்து அம்மா ஆன்ட்டிக்காக அழுதார். அந்தச் சொல் ஆன்ட்டியை எங்கே சுடும் என்று அளந்து பார்த்துத்தான் உனக்கு எழுதினேன்.

ஆன்ட்டி முறைப்பார், சேனாபதி ஒரு சனிக்கிழமை போண்டா இல்லாமல் வீட்டுக்குப் போவான், நீ விழுந்து விழுந்து சிரித்து எனக்கு எழுதுவாய் என்று கணக்குப் போட்டேன். கடை நிறைய ஆட்கள் முன்னால் அவன் அப்படி நிற்பான் என்று நினைக்கவில்லை. பழியைத் தானே வாங்கிக்கொள்வான் என்று கொஞ்சம்கூட நினைக்கவில்லை. நானாக இருந்தால் "இனியன் சொன்னான்" என்று ஜிப் கோடோடு சொல்லியிருப்பேன். உன் கடிதத்தில் அந்த இடம் வந்ததும் மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

நேற்று நாகரத்தினம் ஆன்ட்டிக்கு போன் பண்ணினேன். அப்பாவிடம் எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் பண்ணினேன். அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார், அது இன்னும் மோசமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதா என்று "ஆன்ட்டி?" என்றேன்.

"இருக்கேன்டா குரங்கே. உங்கம்மா என்கூட நின்னு கண்ணு எரிய எரிய வெங்காயம் உரிச்சவ. அவ வயித்துல பொறந்துட்டு இதைப் பண்ணியிருக்க."

"சாரி ஆன்ட்டி."

"என்கிட்ட எதுக்குடா? அந்தப் பையனை எல்லாரும் பாக்க வெச்சுத் திட்டிட்டேனே. நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கு. சனிக்கிழமை அவனை வரச்சொல்லு. நானே அவங்க வீட்டுக்கும் பேசறேன். அட்டையைப் புதுசா எழுதி ஒட்டறேன்."

"நான் வந்தா ஆன்ட்டி?"

"நீ வா. உனக்குன்னு தனியா வெந்நீர் வெச்சிருக்கேன்."

சேனாபதிக்கு நானே எழுதுகிறேன். முகவரி அனுப்பவேண்டாம். அது எனக்கு மனப்பாடம்.

அங்கிள் வேஷத்துக்கு அவன் பெயரைக் கொடு. ஒரு குறிப்பும் சொல், இது உண்மையான குறிப்பு: மூன்றாம் முறை பார்க்கிங் லாட்டைச் சுற்றி வரும்போது ஆன்ட்டி, "அதோ இடம்!" என்பாள். அப்போது உடனே திரும்பக்கூடாது. முதலில் தொப்பையைத் தடவ வேண்டும், பிறகு திரும்ப வேண்டும், அதற்குள் இடம் போய்விட வேண்டும். அங்கேதான் கூட்டம் சிரிக்கும். இதை நான் உன்னிடம்கூடச் சொன்னதில்லை. சும்மா வருகிற மாதிரி காட்டிக்கொண்டேன். உண்மையில் கண்ணாடி முன்னால் நின்று பழகியது.

இப்போது மெஸ்.

கும்பகோணமும் இல்லை, தீயணைப்பும் இல்லை. சனிக்கிழமை அப்பா ஆபீஸ் போய்விடுவார். அம்மா வெண்பாவை டான்ஸ் கிளாஸுக்கு ஃப்ரீவேயில் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நடந்து போகிற தூரத்தில் இங்கே புல்வெளியைத் தவிர ஒன்றும் கிடையாது. கராஜில் பழைய குடித்தனக்காரர்கள் விட்டுப்போன ஒரு டோஸ்டர் ஓவன் இருக்கிறது. அதற்குப் பிச்சுமணி என்று பெயர் வைத்தேன். ஆகவே அவர் அதிகம் பேசமாட்டார், சூடான ஆசாமி, வேலை முடிந்தால் மணி அடிப்பார் என்று எழுதினேனே, அதெல்லாம் சத்தியம். கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, கவிழ்த்த பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்து, எதிர்வீட்டுக் காரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். வாசலில் நின்ற கார் அதுதான். ஹியூஸ்டனிலிருந்து வந்ததில்லை. இந்த ஊரில் நான் இன்னும் யாருடனும் ஒரு சமோசாவைப் பங்கு போட்டதில்லை.

உன் அப்பாவிடம் என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. உண்மையையே சொல்லிவிடு. சிரிப்பார் என்று நம்புகிறேன்.

நீ வா. இரண்டு வேன் ஆட்கள் வேண்டாம், நீ மட்டும் வா. பிச்சுமணி ஒரு தடவைக்கு இரண்டு பேருக்குத்தான் சுடுவார். இன்னொரு பெயின்ட் டப்பா இருக்கிறது, எந்தப் பக்கம் வேண்டுமோ போட்டுக்கொள். வரும்போது ஆப்கான் பேக்கரியிலிருந்து ஒரு ரொட்டி கொண்டு வா. விறைத்துப் போயிருக்கும், பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. "இனியன் ஸ்பெஷல்" என்னவென்று நீ கேட்கவே இல்லை. உன் முதல் கடிதம் வந்த அன்றே ஒரு சமோசாவைச் சுட்டு, நசுக்கி, டார்ட்டியா ரொட்டிக்குள் வைத்து, மேலே பொடி தூவிச் சுருட்டினேன். போண்டா கிடைக்கவில்லை, அதனால் சமோசா. மற்றபடி அது சேனாபதி ரோல்தான். ரொம்ப நன்றாக இருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

இதை அவனிடம் சொல்லாதே.

சரி, சொல்லிவிடு.

இனியன்